திட்டிவாசல்

ஜெர்மனியின் ரோத்தன்பர்க் நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பழைய வாசல் கோபுரம் நிற்கிறது. புர்க்டோர் என்று பெயர். கோட்டை வாசல் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதன் கனத்த மரக் கதவுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு. ஒரு ஆள் தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கிக்கொண்டால் நுழையலாம். ஊர்க்காரர்கள் அதை ஊசிக்காது என்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு வார்த்தை.

"அட, திட்டிவாசல்!"

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, நான் ஏதோ வாழ்த்துச் சொன்னதாக நினைத்துத் தலையை அசைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாக்குக்கு அடியில் எங்கே கிடந்ததோ.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். சிவன் கோயிலின் பெரிய கதவில் அப்படியொரு சின்ன வாசல் உண்டு. அர்த்தசாமப் பூசை முடிந்து பெரிய கதவைச் சாத்தியபின், குருக்களும் மடப்பள்ளிக்காரரும் அதன் வழியாகத்தான் குனிந்து வெளியே வருவார்கள். கையில் தூக்குவாளி, அதில் மிச்சப் பிரசாதம். அப்பத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போன நாளில் நாங்களும் அப்படித்தான் வந்தோம். "குனிஞ்சுக்கடி, திட்டிவாசல்" என்று என் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்துவாள். நிலையில் இடிக்கப் போவது என் தலை அல்ல, அவள் தலைதான். எனக்கு அப்போது அந்த உயரம் கிடையாது.

ரோத்தன்பர்கில் அந்தக் கதவுக்கு வேறு வேலை. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் நகரத்தின் வாசல்களை அடைத்துவிடுவார்கள். அதற்குப்பின் வருகிறவன் காவல்காரனுக்குக் காசு கொடுத்து, சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராக நுழைய வேண்டும். பின்னால் எதிரிப் படை ஒளிந்திருந்தாலும் ஒரே நேரத்தில் பாய்ந்து வர முடியாது. குனிந்தவன் கழுத்து முதலில் உள்ளே வரும், காவல்காரன் கத்தி அங்கே தயாராக இருக்கும். மேலே சுவரில் ஒரு கல்முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்த வாய் வழியாகத்தான் காய்ச்சிய தாரைக் கீழே ஊற்றுவார்களாம்.

நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தச் சின்ன வாசலைச் சாணால் அளந்து பார்த்தேன். என் ஹேண்டில்பார் மூன்று சாண். மூட்டைகளோடு வந்திருந்தால், பக்கப் பைகளையும் கூடார மூட்டையையும் கழற்றி, ஹேண்டில்பாரைக் கோணலாகத் திருப்பி, முதலில் சைக்கிள், அப்புறம் மூட்டைகள், கடைசியில் நான் என்று மூன்று தவணையில் நுழைய வேண்டியிருந்திருக்கும். காவல்காரன் மூன்று முறை காசு கேட்டிருப்பான்.

சைக்கிள் என்னுடையது அல்ல, மகனுடையது. வூர்ஸ்பர்கில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போன செப்டம்பரில், அவனுக்குத் தேர்வு இருந்த வாரம், நான் அறையில் சாம்பார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் டாவ்பர் ஆற்றோரமாகச் சைக்கிளில் போய்வருகிறேன் என்றேன்.

"தனியாவாம்மா?"

"ஏன், நீ தனியா இங்க இல்லையா?"

"அது வேற. டென்ட் அடிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"ஆட்டுக்கு முளை அடிச்சிருக்கேன்" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சின்ன அடுப்பு எல்லாவற்றையும் நண்பர்களிடம் இரவல் வாங்கிக் கட்டிக் கொடுத்தான். பஞ்சர் ஒட்டும் பெட்டியைக் காட்டி விளக்க ஆரம்பித்தவனைப் பாதியில் நிறுத்தினேன். டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி பார்ப்பதை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

வெர்ட்ஹைம் என்ற ஊரில் டாவ்பர் ஆறு மைன் நதியில் விழுகிறது. அங்கிருந்து ரோத்தன்பர்க் வரை ஆற்றோரமாகவே சுமார் 100 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. பெரும்பாலானவர்கள் மேலே ரோத்தன்பர்கில் ஏறி உட்கார்ந்து, ஆற்றின் போக்கிலேயே இறங்கி வருவார்கள். நான் தலைகீழாகப் போனேன். அதில் வீம்பு ஒன்றும் இல்லை. கோட்டை ஊர் கடைசியில் வர வேண்டும், அவ்வளவுதான். திருவிழாவுக்குப் போகிறவர்கள் தேரை முதலில் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவார்களா?

எதிர்க்காற்றில் பெடல் மிதிக்கும்போது நினைவு தானாக இன்னொரு சைக்கிளில் ஏறிக்கொள்கிறது.

1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் அதில் பெரிய விஷயம். எழுதப் படிக்கத் தெரிந்தவள் மனதுக்குள் போய்வரலாம். சைக்கிள் தெரிந்தவள் பக்கத்து ஊருக்கே போய்வரலாம். வயல்வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், பால்வாடி ஆயாக்கள், பூக்கட்டுகிறவர்கள் என்று பெண்கள் சாயங்காலமானால் பொட்டலில் இறங்கிவிடுவார்கள். விழுவார்கள், சிரிப்பார்கள், முழங்கையில் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவார்கள். ஊர் ஆண்கள் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. 1992-இல் மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான பெண்கள் மாவட்டம் பூராவும் சைக்கிளில் வந்தார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, அறிவொளித் தொண்டர். கல்யாணமான ஆறாவது மாதமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் என்று வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். காலனியில் போய்ப் பெண்களுக்கு 'அ', 'ஆ' சொல்லிக் கொடுப்பாள். அவளுக்குச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தது அந்த வகுப்பில் எழுத்துப் படித்த ஒரு அக்கா. குவாரியில் சல்லி உடைக்கிறவள். அவள்தான் முதலில் பழகியிருந்தாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. தாத்தாவின் கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிள்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா பின்னாலேயே ஓடுவாள். "கீழ பாக்காதீங்க, தூரமாப் பாருங்க!" ஒரு நாள் கத்திக்கொண்டே கையை எடுத்துவிட்டாள். அத்தைக்குத் தெரியவே இல்லை. பொட்டலின் கோடி வரை போய்விட்டு, திரும்பத் தெரியாமல் வேலிக்கருவையில் மோதி நின்றாள்.

அதன்பிறகு பார் கம்பியில் துண்டைச் சுருட்டிப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவாள். ஜென்ட்ஸ் சைக்கிளில் அந்தக் கம்பி ஒரு வசதி, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று பல பெண்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். என் இரண்டு காதுக்குப் பக்கத்திலும் அத்தையின் மூச்சு வரும். இறக்கத்தில் அவள் பாடுவாள். ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும்.

டாவ்பர் பாதையில் ஏற்றம் அதிகமில்லை. திராட்சைத் தோட்டங்கள், சோளக்கொல்லை, ஆற்றுக்குக் குறுக்கே கல் பாலங்கள். வெர்ட்ஹைமுக்கு மேலே நிக்லாஸ்ஹவுசன் என்ற சின்ன ஊர். நிறுத்திப் பார்க்க எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். 1476-இல் ஹான்ஸ் பேம் என்ற ஆட்டிடையன் இங்கே நின்றுதான் பேசினான். முரசு கொட்டிப் பிழைத்தவன். காடும் ஆறும் மேய்ச்சலும் எல்லாருக்கும் பொது, பிரபுக்களும் கூலி வேலை செய்ய வேண்டும் என்றான். அவன் பேச்சைக் கேட்க ஆயிரமாயிரமாக ஜனம் நடந்து வந்தது. அந்த ஜூலையிலேயே பிஷப்பின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் வூர்ஸ்பர்கில் எரித்துவிட்டார்கள்.

இன்னும் மேலே கோனிக்ஸ்ஹோஃபன். 1525 ஜூன் 2-ஆம் தேதி குடியானவர் படை இங்கே நசுக்கப்பட்டது. பேம் சொன்னதை அரை நூற்றாண்டு கழித்துக் கோரிக்கைகளாக எழுதிக் கேட்டவர்கள் அவர்கள். நான் போன அன்று பாலத்தடியில் இரண்டு பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி இடங்களில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் எப்போதும் தண்ணீரைத்தான் பார்ப்பேன். பொது என்று கேட்டுச் செத்தார்களே, அந்தத் தண்ணீர்.

கிரெக்லிங்கன் ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தேவாலயம். 1384-இல் உழுதுகொண்டிருந்த ஒரு குடியானவனின் ஏர்க்காலில் புனித அப்பம் ஒன்று சேதமில்லாமல் கிடைத்ததாம். அந்த இடத்தில் கட்டியது. உள்ளே டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரியாள் பீடம். லிண்டன் மரம், வர்ணம் பூசாதது. மரியாள் விண்ணேறுகிறாள், கீழே சீடர்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். அவர்கள் கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் கணுவில் தோல் சுருங்கியிருக்கிறது, புறங்கையில் நரம்பு எழுந்திருக்கிறது. எல்லாம் உழைத்துக் களைத்த கைகள். மதச் சீர்திருத்தம் வந்தபின் இந்தப் பீடத்தை அடைத்து மூடிவிட்டார்கள். 1832-இல்தான் மறுபடி திறந்தார்கள். மூன்று நூற்றாண்டு இருட்டிலேயே நின்றதால் மரம் கெடாமல் இருக்கிறது.

செதுக்கியவர் வூர்ஸ்பர்கில் மேயராகவும் இருந்தவர். 1525-இல் நகரசபை குடியானவர்கள் பக்கம் சாய்ந்தபோது அவரும் அதில் ஒருவர். கோனிக்ஸ்ஹோஃபனுக்குப் பிறகு அவரைப் பிடித்துச் சிறையில் போட்டு வதைத்தார்கள். கையை முறித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆவணம் கிடையாது. ஆனால் அதன்பின் 1531-இல் இறக்கும்வரை அவரிடமிருந்து பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டிய ராத்திரி ஒன்று வரும்போலிருக்கிறது. அவர் முடிவு செய்தார். சிலர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் டெட்வாங். ரோத்தன்பர்க் மேலே குன்றின் விளிம்பில். டெட்வாங் கீழே ஆற்றங்கரையில். கூடாரம் போடும் இடம் இங்கேதான். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. குறுக்குக் கம்பம் இறக்கியிருந்தது, அலுவலகத்தில் ஆளில்லை. மத்தியான ஓய்வு, மூன்று மணிக்குத்தான் திறப்பார்களாம். ராத்திரி பத்துக்கு மேலும் இப்படித்தான். கார்காரர்கள் வரிசையாக வெளியே நின்று இஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு இடைவெளி. இரண்டரை முழம் இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆப்பிள் மரத்தடியில் இடம் பிடித்தேன். கூடாரம் அடிப்பதில் ஒரு ரகசியமும் இல்லை. முளைக்குச்சியைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் கயிறு இழுக்க இழுக்க மேலே வந்துவிடும். ஆட்டு முளைக்கும் இதே கணக்குதான். கல்லைத் தேடி எடுத்து அடித்தேன். நாலாவது முளை வேரில் பட்டு வளைந்தது. மூன்று மணிக்கு அலுவலகம் திறந்ததும் காசு கட்டி, குளியலறைக்கு வில்லை வாங்கினேன். காலை ரொட்டிக்கு இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு நோட்டை நீட்டினார்கள். பெயருக்கு நேரே "2" என்று எழுதினேன்.

கூடாரத்து வாசலில் உட்கார்ந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டு மேலே பார்த்தால் மரங்களுக்கு மேல் ஊரின் கோபுரங்கள். அப்போது தோன்றியது: நான் இந்த ஊரின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் திண்ணை நீளமானது. சிவப்புச் சிமெண்டு, ஓரத்தில் தலைக்கு உயர்த்திக் கட்டிய மேடு. வழிப்போக்கர்கள் படுப்பார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், வளையல்காரர், பழனிக்கு நடந்து போகிறவர்கள். யார் என்று கேட்காமலே அப்பத்தா ஒரு செம்பு தண்ணீர் வைப்பாள். "நம்ம வீட்டுத் திண்ணைல படுக்காத ஊர் உண்டா" என்று பெருமையாகச் சொல்வாள். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டுரைகூட எழுதியிருக்கிறேன், திண்ணை போனதோடு தமிழன் விருந்தோம்பலும் போயிற்று என்று. அதை எழுதும்போது எதை விட்டுவிட்டு எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்குள் போக ஏற்றம். சைக்கிளை விட்டிறங்கித் தள்ளினேன். உள்ளே கூழாங்கல் பாவிய தெரு. சைக்கிளின் ஒவ்வொரு நட்டும் பேசியது. சந்தைத் திடலில் கூட்டம். 1631-இல் டில்லி என்ற படைத்தளபதி ஊரைப் பிடித்தபோது, மூன்றேகால் லிட்டர் திராட்சை மதுவை மேயர் ஒரே மூச்சில் குடித்து ஊரைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை. 1881-இல் அதை நாடகமாக்கினார்கள். இப்போது மணிக்கொரு தடவை கடிகாரத்தின் பக்கத்து ஜன்னல் திறந்து பொம்மை மேயர் குடிக்கிறார், ஜனம் கைதட்டுகிறது. ஊரின் பலகாரம் பனிப்பந்து: மாவு நாடாக்களை உருண்டையாகச் சேர்த்துப் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரை. கடித்தால் மூக்கு, தாடை, சட்டை எல்லாம் விபூதி.

ரோத்தன்பர்க் இவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணம் வறுமை. முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஊர் நொடித்துப்போயிற்று. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை. மதிலைத் தகர்த்து அகலச் சாலை போடத் தேவையும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது. நொடித்த வீட்டில்தான் பாட்டி காலத்துப் பித்தளை மிச்சமிருக்கும், அதுபோல.

மதில் மேல் கூரை போட்ட நடைபாதை. சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடக்கலாம். கிழக்குப் பக்கம் போகப் போகச் சுவரில் கல் பலகைகள், அவற்றில் பெயர்கள், பக்கத்தில் எத்தனை மீட்டர் என்ற கணக்கு. ஜப்பானியப் பெயர்கள் நிறைய. எங்கள் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்குமே, அந்த வம்சம். 1945 மார்ச் 31 அன்று 16 விமானங்கள் குண்டு போட்டன. ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 306 வீடுகளும் 600 மீட்டருக்கு மேல் மதிலும் போயின. போருக்குப் பின் உலகெங்குமிருந்து மீட்டர் கணக்கில் காசு வாங்கி மதிலை எழுப்பினார்கள். நான் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்த இடைக்காலத்துக் கல்லில் பாதிக்கு என் அம்மாவின் வயதுதான்.

மிச்ச ஊர் பிழைத்ததும் ஒரு தாயால்தான் என்று சொல்லலாம். அமெரிக்கப் போர்த் துறையில் இருந்த ஜான் மெக்ளாய், தன் அம்மா இந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். பீரங்கி வேண்டாம், சரணடையச் சொல்லிப் பேசிப் பாருங்கள் என்றார். உள்ளே இருந்த ஜெர்மன் அதிகாரியும் கடைசி ஆள் வரை போரிடும் கட்டளையை மீறி ஒப்புக்கொண்டார்.

தெற்கே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லத்தீன் எழுத்து: உள்ளே வருகிறவருக்கு அமைதி, வெளியே போகிறவருக்கு நலம் என்ற கருத்து. நல்ல வாசகம்தான். ஆனால் 1930-களில் இதே ஊர் தன் வாசல்களில் யூதர்களை இழிவுபடுத்தும் பலகைகளைப் பதித்தது. 1938 அக்டோபரில், மற்ற ஊர்களில் ஜெபக்கூடங்கள் எரிவதற்குச் சில வாரம் முன்பே, மிச்சமிருந்த யூதர்களை வெளியேற்றி முடித்துவிட்டது. முதல் தடவையும் அல்ல. 1520-லேயே ஒரு முறை துரத்தியிருக்கிறார்கள். யூதர் தெரு இன்னும் இருக்கிறது, பழைய வீடுகளோடு, ஜன்னலில் பூத்தொட்டிகளோடு. பதிமூன்றாம் நூற்றாண்டில் ரபி மெயிர் இந்த ஊரில்தான் இருந்தார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் நியாயம் கேட்டு அவருக்குக் கடிதம் வரும். மன்னன் பிடித்துச் சிறையில் வைத்தான். 1293-இல் சிறையிலேயே இறந்தார். உடலையும் விடவில்லை. பதினாலு வருஷம் கழித்து, 1307-இல், ஒரு வியாபாரி பணம் கட்டி மீட்டு வோர்ம்ஸ் நகரத்தில் அடக்கம் செய்தார். செத்தபிறகும் ஒரு கதவு திறக்கப் பதினாலு வருஷம்.

புனித யாக்கோபு ஆலயத்தில் ரீமன்ஷ்னைடரின் இன்னொரு பீடம். கடைசி இராவுணவு. நட்டநடுவில் யூதாஸ், கையில் பணப்பை. பின்னாலிருக்கும் சின்னக் கண்ணாடிகள் வழியே சாயங்கால வெளிச்சம் அவன் முதுகில் விழுந்தது. இத்தனை மதில், இத்தனை வாசல், இத்தனை தாழ்ப்பாள் கட்டிய ஊருக்கு அந்தச் சிற்பி, கேடு பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பொழுது சாயும் நேரத்தில்தான் புர்க்டோர் வழியாக வெளியே வந்தேன். வாசலுக்கு அப்பால் தோட்டம். ஒரு காலத்தில் ராஜாவின் கோட்டை இருந்த இடம். 1356-இல் வந்த நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. ஒரு சின்னக் கோயில் மட்டும் மிச்சம். அதன் பக்கத்தில் ஒரு நினைவுக்கல். 1298-இல் கொலைகாரக் கும்பல் வந்தபோது ஊரின் யூதர்கள் இந்தக் கோட்டைக்குள் ஓடிவந்து ஒளிந்தார்கள். கோட்டை காப்பாற்றவில்லை. ஏறத்தாழ 450 பேர். கல்லின் மேல் யாரோ கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ஒன்று வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெரிய கதவு, அதில் சின்னக் கதவு. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அதன் உயரம் உறைத்தது. எவ்வளவு தாழ்வாக இருக்கிறது.

கீழே இறங்கும் பாதை செங்குத்து. பிரேக்கை அழுத்திக்கொண்டே சைக்கிளை நடத்திக் கூட்டிவந்தேன். அடிவாரத்தில் டாப்ளர் என்ற மேயர் 1388-இல் கட்டிய விசித்திர வீடு. கல் தூணின் தலையில் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. ஊரையே ஆண்டவர் மதிலுக்கு வெளியே வீடு கட்டினார். 1408-இல் மதிலுக்கு உள்ளே, நகரசபையின் பாதாளச் சிறையில், செத்தார்.

பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத் துணியில் விழும் மழை பறைச் சத்தம் போல இருக்கும். தலைக்கு ஒரு முழம் மேலேதான் வானம். கால் மாட்டில் பைகள், தலைமாட்டில் நாளைய ரொட்டிக்கான சீட்டு. உடம்பு சூடேறித் தூக்கம் சொக்கிய நேரம். வெளியே ஈரப்புல்லில் சக்கரம் உருளும் சத்தம், பிறகு 'டக்' என்று சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம்.

எனக்குச் சட்டென்று பதினோரு வயது ஆகிவிட்டது.

புதுக்கோட்டையில் பேரணி. அத்தையும் அந்த அக்காவும் காலையில் போனவர்கள், ராத்திரி பத்துக்கு மேல்தான் திரும்பினார்கள். அப்பத்தா கதவைத் தாழ் போட்டுவிட்டாள். "விடிஞ்சு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். டைனமோ வெளிச்சம் ஜன்னல் சுவரில் ஏறி அணைந்தது. ஸ்டாண்ட் சத்தம். அத்தை ஒரு தடவைதான் கூப்பிட்டாள், "ஆத்தா." அப்பத்தா அசையவில்லை. அப்புறம் திண்ணையில் முந்தானையை உதறும் சத்தம். அந்த அக்கா போகவில்லை. அத்தையைத் தனியாகத் தெருவில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்க மேல படுங்க. நான் கீழயே உக்காந்துக்கிறேன்."

"ஏறி உக்காரு."

"வேணாங்க."

"ஏறுங்கிறேன்ல."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வளையல் சிமெண்டில் உரசியது. ஏறிவிட்டாள். யார் யாரோ படுத்த அந்தத் திண்ணையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அறிவொளி வகுப்பு எங்கள் வாசலில் நடந்த நாட்களிலும் காலனிப் பெண்கள் தெருவிளக்குக்கு அடியில், மண்ணில்தான் உட்கார்ந்தார்கள். அத்தை திண்ணையில் உட்காராமல் அவர்களோடு இறங்கி உட்காருவாள்.

நான் விழித்திருந்தேன். தாழ்ப்பாள் எனக்கு எட்டும். பால்காரருக்குத் தினமும் நான்தான் திறப்பேன். எழுந்து நாலு அடி வைத்தால் போதும். எழவில்லை. அப்பத்தாவுக்குப் பயந்தா, குளிருக்குச் சோம்பியா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே இருவரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடிவதற்குள் அப்பத்தா திண்ணையைக் கழுவினாள். தினமும் கழுவுவதுதான். அன்று இரண்டு தடவை கழுவினாள்.

அந்த ஆடிக்குள் அத்தை புதுக்கோட்டையில் ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தாத்தாவின் சைக்கிளையும் கொண்டுபோனாள். அந்த அக்கா குவாரி லாரியில் போகும்போது அப்புறம் ஒருமுறை பார்த்தேன், கையசைத்தாள்.

டெட்வாங்கில் மழை வலுத்தது. வெளியே வந்தவன் ஒரு பையன், என் மகன் வயது இருக்கும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். காற்று துணியை அவன் முகத்தில் அறைந்தது. முளையை நேராக அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஸ்லீப்பிங் பேக் கதகதப்பாக இருந்தது.

கையை நீட்டி ஜிப்பை இழுத்தேன். கூடாரத்து வாசல் இடுப்பளவுதான். குனிந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது.